மீயொலியும் நெஞ்செரிச்சலும்

சென்ற ஆண்டு ஓர் இரவில் என் தந்தையார் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். மாரடைப்போ என்று வீடே நடுங்கியது. சோதனைகள் செய்த மருத்துவர், "இதயத்தில் குறையில்லை, இரைப்பை அமிலம் உணவுக்குழலுக்குள் எதுக்களிக்கிறது" என்றார். இயற்பியல் மாணவனாகிய எனக்கு ஒரு வினா எழுந்தது: மீயொலியைக் கொண்டு இதை அளக்க இயலாதா?

வினாடிக்கு 20,000 அதிர்வுகளுக்கு மேற்பட்டு, நம் செவிக்கு எட்டாத ஒலியே மீயொலி. மின்னழுத்தத்தால் அதிரும் படிகம் அதை எழுப்புகிறது. மீண்டு வரும் எதிரொலியை அதே படிகம் மின்துடிப்பாக மாற்றுகிறது. அழுத்தினால் மின்சாரம் தரும் படிகங்களின் பண்பை 1880இல் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர்.

உடலின் மென்திசுவில் ஒலி வினாடிக்குச் சுமார் 1540 மீட்டர் செல்லும். 10 செ.மீ. ஆழத்திற்குப் போய்வர அதற்கு ஏறத்தாழ 130 மைக்ரோவினாடி ஆகும். இக்கணக்கைக் கொண்டே கருவி உட்பகுதியைப் படமாக்குகிறது. குழந்தைகளின் வயிற்றின்மேல் அதனை வைத்து, குடித்த பால் உணவுக்குழலுக்குள் மேலேறுவதைத் திரையில் காண்கின்றனர்.

ஆனால் எதிரொலி திரவத்தின் அசைவைக் காட்டுமேயன்றி, அதன் அமிலத்தன்மையைச் சொல்லாது. அதற்கென மூக்கின் வழியே மெல்லிய குழாயைச் செலுத்துகின்றனர். உணவுக்குழலின் கீழ்ச்சுருக்குத் தசைக்கு 5 செ.மீ. மேலே நிற்கும் உணரி, 24 மணி நேரம் பி.எச். அளவைப் பதிவு செய்கிறது. அது 4-க்குக் கீழ் இறங்கினால் அமிலம் ஏறியதாகக் கொள்வர். பி.எச். ஒன்று குறைந்தால் ஹைட்ரஜன் அயனிச் செறிவு பத்து மடங்காகும்.

தந்தையார் இப்போது இரவுணவை முன்னதாகவே முடித்துக்கொண்டு, தலைப்பக்கம் உயர்த்திய கட்டிலில் உறங்குகிறார். நண்பர்களே, நெஞ்சுவலியை வெறும் எரிச்சல் என்று நாமே முடிவுகட்டலாகாது. முதலில் இதயத்தைச் சோதித்தறிய வேண்டும்.