வெட்டி ஒட்டின ஷாஃப்ட் வேண்டாம்

வவுனியா

அன்புள்ள மருமகனுக்கு மாமா எழுதுவது.  

கியர்பொக்ஸ் வேலை முடிந்துவிட்டது என்று அக்கா போனில் சொன்னா. கேட்கச் சந்தோஷமாக இருந்தது. அதோடு விட்டிருந்தால் இந்தக் கடிதம் வந்திராது. ஜப்பான் வான் ஒன்றின் புறொப்பெல்லர் ஷாஃப்ட்டை வெட்டி, எங்கட மொறிஸ் மைனருக்கு அளவாக ஒட்டித் தருவதாக லேத்காரர் சொன்னாராம், நீரும் யோசிக்கிறீராம். ஆவணியில் அந்தக் காரில்தான் கொழும்புக் கலியாணத்துக்குப் போகிறீர்களாம். அன்றிரவு எனக்கு நித்திரை வரவில்லை.

கார் உம்முடையது. அப்பு உமக்கென்று சொல்லி வைத்தது. எதைப் பூட்டுவது என்ற முடிவும் உம்முடையதே. நான் இரண்டு பக்கத்தையும் எழுதுகிறேன், படித்துப் பார்த்து நீரே தீர்மானியும்.

வெட்டி ஒட்டினால் செலவு குறைவு, நாளைக்கே கையில் கிடைக்கும். பழைய ஷாஃப்ட்டை வைத்திருப்பதென்றால் அதன் இரண்டு முனையிலும் ஆட்டம் கண்ட குறொஸ் மூட்டு இரண்டையும் மாற்ற வேண்டும், அவை கொழும்பிலிருந்து வரும்வரை காத்திருக்க வேண்டும். முதலாவது பக்கத்துக்குச் சொல்ல என்னிடம் இதற்குமேல் ஒன்றும் இல்லை.

இனி மற்றப் பக்கம். குறொஸ் சரிவாக நின்று சுற்றும்போது வேகத்தை ஒரே சீராகக் கடத்தாது. ஒரு சுற்றுக்குள் இரண்டு தரம் முந்தும், இரண்டு தரம் பிந்தும். முன் குறொஸ் செய்கிற இந்தக் குழப்பத்தைப் பின் குறொஸ் சரிக்கட்டும். அதற்குக் குழாயின் இரண்டு முனையிலும் உள்ள கவைகள் ஒரே நேரில் நிற்க வேண்டும். மொறிஸ்காரன் அதை நேர்பார்த்து ஒட்டியே அனுப்பினான். குழாயை வெட்டினால் அந்த நேர் ஒட்டுகிறவனின் கண்ணை நம்பித்தான். நாலாம் கியரில் ஷாஃப்ட் எஞ்சினோடு சரிக்குச் சரி சுற்றும் என்பது உமக்குத் தெரியும். மணிக்கு 70 கிலோமீற்றர் போனால் நிமிஷத்துக்கு 3000 சுற்றுக்குக் கிட்ட வரும். அந்த வேகத்தில் நேர் பிசகின குழாய், அதுவும் பலன்ஸ் பார்க்காத குழாய், சும்மா இருக்குமா?

2002இல் ஏ9 பாதை திறந்தபோது இந்தக் காரில் ஒரு கலியாணத்துக்குப் போகையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர். பின் சீற்றில் சத்தியெடுத்துக்கொண்டு வந்த பிள்ளை நீர். அப்போதும் இதே கதைதான். பொருளாதாரத் தடைக்காலத்தில் பெற்றோல் இல்லாமல் மண்ணெண்ணெயில் கார் ஓட்டினோம், குறொஸுக்கு எங்கே போவது? அதனால் ஒரு கராஜில் வேறொரு குழாயை வெட்டி ஒட்டித் தந்தார்கள். ஊருக்குள்ளே ஊர்ந்து திரிந்த காலம், ஒரு குறையும் வெளியே தெரியவில்லை. வவுனியா வரைக்கும் குழியிலும் பள்ளத்திலும் வந்தோம், அப்போதும் தெரியவில்லை. அங்கால் நல்ல றோட்டில் ஏறிக் கொஞ்சம் மிதித்ததும் தரைத் தகடே அதிரத் தொடங்கியது. தம்புள்ளைக்குப் போய்ச் சேர முன்னமே கியர்பொக்ஸின் வால்பக்க சீல் போய், ஒயில் முழுதும் றோட்டில்.

பெரியண்ணர் என்ன சொன்னார்? நான் கிளச்சை மிதித்த மிதியில்தான் போனது என்றார். கலியாண வீட்டிலே நாலு பேருக்கு முன்னால் சொன்னார். நான் அந்த ஷாஃப்ட்டைக் கழற்றிச் சீமெந்துத் தரையில் வைத்தேன். ஒரு கவை கிடையாக, மற்றது நெட்டாக நின்றது. வந்து பாருங்கோ என்று கூப்பிட்டேன், அவர் வரவில்லை. கண்மூடும்வரை அந்தக் கதையை அவர் மாற்றவும் இல்லை. பிறகு பழைய ஷாஃப்ட்டைத் தேடியெடுத்துக் குறொஸ் மாற்றிப் பூட்டினது நான். இப்போது உம்முடைய கொட்டிலில் கிடப்பது அதுதான். அன்றைக்கு வெட்டினதற்கு வேறு வழி இருக்கவில்லை. இன்றைக்கு வழி இருக்கிறது.

குறொஸ் வந்தபிறகு செய்ய வேண்டியதைக் கேளும். கிண்ணத்தை அழுத்தும்போது உள்ளே ஊசி பெயாரிங் ஒன்று சரிந்தாலும் சர்க்ளிப் தன் காடிக்குள் இறங்காது. இறங்கவில்லை என்றால் சுத்தியலால் அடிக்க வேண்டாம், கழற்றிப் பாரும். முன்முனை கியர்பொக்ஸுக்குள் நுழைகிற இடத்தைத் துடைத்து, விரலால் தடவிப் பாரும். சீல் உரசிய பள்ளம் நகத்தில் தட்டினால் புது சீலும் ஒழுகும். கொஞ்சம் ஒயில் பூசி, நேராகப் பிடித்து, பல்லோடு பல் சேரும்வரை கையால் மெல்லத் திருப்பித் தள்ளும். பின் பிளாஞ்சின் இரண்டு முகத்திலும் பெயின்ற் ஒரு துளிகூட இருக்கக் கூடாது. நாலு நட்டும் புது நைலோன் நட்டாகப் போடும். அரை அங்குல ஸ்பானரைத் தவிர வேறு ஒன்றும் வேண்டாம். பதின்மூன்று மில்லிமீற்றர் சாவி அதில் ஏறும், ஆனால் மூலையைத் தின்றுவிடும்.

ஷாஃப்ட் ஏறும் முன்னம் கியர்பொக்ஸில் ஒயில் விட வேண்டாம், வாலால் வந்துவிடும். விடுவதும் எஞ்சின் ஒயில்தான். தொண்ணூறாம் நம்பர் கட்டி ஒயில் பின் அக்சிலுக்கு. கியர்பொக்ஸுக்கு அதை விடச் சொல்லி ஆரும் சொன்னால் காதில் போட வேண்டாம், உள்ளே இருப்பது பித்தளை வளையம்.

இன்னொன்று. இரவிலே தனிய, ஒரு ஜக்கை மட்டும் நம்பி காருக்குக் கீழே படுக்கிறீர் என்று அக்கா சொன்னா. அது கூடாது. அக்சிலுக்குக் கீழே இரண்டு பக்கமும் ஸ்ராண்ட் வையும். பாரம் அக்சிலில் நின்றால் ஷாஃப்ட்டும் ஓடும்போது நிற்கிற உயரத்தில் நிற்கும், வேலையும் சுகம். முன் சில்லுக்கு இரண்டு பக்கமும் கட்டை கொடும். பக்கத்தில் ஒரு ஆளாவது நிற்க வேண்டும். உங்கட அப்பாவும் இல்லாத வீடு அது, மருமகன்.

நான் ஏதோ உமக்கு வேலை தெரியாது என்று எழுதினதாக நினைக்க வேண்டாம். முதலாம் கியருக்குச் சிங்குறோ இல்லாத அந்தப் பெட்டியை மனுவலைப் பார்த்தே பிரித்துப் பூட்டினீரே, எங்கட குடும்பத்தில் அப்படி ஒரு கை அப்புவுக்குப் பிறகு உமக்குத்தான். இதை நான் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டு திரிகிறேன். மாமி கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறா.

குறொஸ் இரண்டுக்கும் காசு நான் போட்டுவிட்டேன், கொழும்பில் சொல்லியும் வைத்திருக்கிறேன். திருப்பித் தருகிற கதை வேண்டாம். என்னுடைய அங்குல ஸ்பானர் கட்டையும் இரண்டு ஸ்ராண்டையும் ஒரு பெட்டியில் போட்டு வெள்ளிக்கிழமை பஸ்ஸில் ஏற்றிவிடுகிறேன், மாமி தந்த பருத்தித்துறை வடையும் அதே பெட்டியில் இருக்கும். பஸ் ஸ்ராண்டுக்கு நீரே போய் எடும், அக்காவை அலைக்க வேண்டாம்.

அன்புடன்
மாமா