இரண்டு கயிறும் இரண்டு கட்டுமிடமும் – உயரத்தில் வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு ஒரு முதற்பாடம்



வெளிநாட்டு வேலை என்றால் முன்பு எங்கள் ஊர்ப் பிள்ளைகளுக்குச் சாரதி வேலை, மேசன் வேலை, சமையல் வேலை என்பனவே தெரிந்திருந்தன. இப்போது வளைகுடா நாடுகளின் மாடிக் கட்டடங்களில் கண்ணாடி துடைக்கவும், எண்ணெய்த் தாங்கிகளுக்கு நிறம் பூசவும், கயிற்றில் தொங்கி வேலை செய்யும் ஆட்களையும் கேட்கிறார்கள். சில மாதங்களுக்கு முன் ஒரு தாய் முகவர் கொடுத்த கடதாசியோடு என்னிடம் வந்தார். “பாதர், இது பனை ஏறுற மாதிரி ஒரு வேலையோ? பெடியன் போகலாமோ?” என்று கேட்டார். காணியை விட்டு இடம்பெயர்ந்து வந்த குடும்பம். இருந்த நகையை ஈடு வைத்துப் பணம் கட்ட ஆயத்தமாக நின்றார்கள். எனக்கு உடனே மறுமொழி சொல்லத் தெரியவில்லை. இந்தப் பயிற்சியை முறையாக முடித்து அத்தொழிலையே செய்யும் ஓர் இளைஞர் விடுமுறையில் வந்திருந்தார். அவரைக் கொண்டு பங்குமனை வளவிலுள்ள புளியமரத்தில் கயிறு கட்டுவித்து, கேட்டும் பார்த்தும் அறிந்தவற்றை இங்கு எழுதுகிறேன்.

அதற்கு முன் என்னுடைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். 2011 இல் மீள்குடியேறிய ஒரு கிராமத்தில், நெடுங்காலம் ஆளில்லாமல் கிடந்த கட்டடம் ஒன்றைப் பாலர் பாடசாலையாக்கத் திருத்திக்கொண்டிருந்தோம். ஓடு மாற்றுவதற்கு ஒரு கமக்காரரைக் கூரைக்கு ஏற்றியது நான்தான். “ஒரு கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறுங்கோ” என்றும் சொன்னேன். சொன்னதோடு என் கடமை முடிந்தது என்று நினைத்தேன். அவர் கயிற்றை இடுப்பில் சுற்றி, மற்றத் தலைப்பை முகட்டு வளையில் கட்டினார். கால் வழுக்கியபோது கயிறு அறவில்லை. கறையான் அரித்த வளைதான் முறிந்தது. பன்னிரண்டு அடி உயரந்தான். அவருடைய முள்ளந்தண்டு உடைந்தது. அதன் பின் அவர் வயலில் இறங்கவேயில்லை.

ஆகவே புளியமரத்தடியில் அந்த இளைஞர் சொன்ன முதல் வார்த்தை என்னைச் சுட்டது. “கயிற்றைப் பார்க்க முதல், அதைக் கட்டுகிற இடத்தைப் பாருங்கோ.” ஓர் ஆளின் நிறை 80 கிலோதான் என்றாலும், இத்தொழிலில் ஒரு கட்டுமிடம் ஏறக்குறைய 1,500 கிலோ இழுவையைத் தாங்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறார்கள். விழும் உடல் கயிற்றை இழுக்கும் விசை, அதன் நிறையைவிடப் பல மடங்கு அதிகமாகலாம் என்பதே காரணம். அவர் ஒரே கொப்பில் இரண்டு கயிற்றையும் கட்டவில்லை. இரண்டு பெருங்கொப்புகளைத் தட்டிப் பார்த்து, ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கயிறாகக் கட்டினார்.

“இரண்டு எதுக்கு? ஒன்று காணாதோ?” என்று பக்கத்தில் நின்ற ஒருவர் கேட்டார். இதற்கான மறுமொழிதான் முழுப் பயிற்சியின் அடிப்படை. ஒரு கயிறு ஆளைத் தாங்கும். அதில் இறங்கு கருவியும் ஏறு கருவியும் இருக்கும். மற்றக் கயிறு பாரமில்லாமல் சும்மா தொங்கும். அதில் காப்புக் கருவி ஓடும். முதலாவது கயிறு அறுந்தாலும், அதன் கட்டு அவிழ்ந்தாலும், இறங்கு கருவியைப் பிழையாகக் கையாண்டாலும் இரண்டாவது பிடித்துக்கொள்ளும். எந்த ஒரு பொருளின் பழுதும், எந்த ஒருவரின் தவறும் தனித்து ஓர் உயிரை எடுக்கக் கூடாது என்பதே கணக்கு.

பனை ஏறுகிறவரின் திறமையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் தளநாரும் கையும் வழுக்கினால் அவரைப் பிடிக்க வேறொன்றும் இல்லை. 20 மீற்றர் உயரத்திலிருந்து விழுபவர் இரண்டு செக்கனில் நிலத்தை அடைவார். அப்போது வேகம் மணிக்கு ஏறக்குறைய 70 கிலோமீற்றர். அதற்குள் சுதாரிக்க நேரமில்லை. அந்தத் தாய்க்குச் சொல்ல வேண்டிய மறுமொழி இதுதான்: இது பனை ஏறுவதைப் போன்ற வேலை அல்ல.

கயிறு கட்டுவதிலும் வகை உண்டு. குறுங்கயிற்றில் கட்டிய ஆடு அயல் வளவுத் தோட்டத்துக்குப் போக முடியாது. அதேபோல, விளிம்புவரை போகவே முடியாதபடி ஆளைக் கட்டுவது முதலாவது வகை. விழுவதற்கே இடமில்லை என்பதால் இதுவே நல்லது. நிலத்தில் நின்று செய்யக்கூடிய வேலைக்கு மேலே ஏறாமலே விடுவது அதைவிட நல்லது. இரண்டாவது, நான் மேலே சொன்னபடி கயிற்றில் தொங்கி வேலை செய்வது. மூன்றாவது, விழுந்த பின் பிடிப்பது. நீளக் கயிற்றில் துள்ளியோடிய கன்று கயிறு முடிந்த இடத்தில் வெட்டி இழுபட்டுக் குப்புற விழுவதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். தளர்கயிறு எவ்வளவு மிச்சம் இருக்கிறதோ அவ்வளவுக்கு அந்த வெட்டு உடம்பில் விழும். அதனால்தான் காப்புக் கருவியை எப்போதும் தோளுக்கு மேலே வைத்திருக்கப் பழக்குகிறார்கள். இடுப்பில் மட்டும் கயிறு கட்டுவது எக்காலத்திலும் ஆகாது. வெட்டு முழுவதும் வயிற்றிலும் முதுகிலும் விழும். தொடை, இடுப்பு, மார்பு மூன்றையும் தாங்கும் ஹானஸ் என்னும் உடற்பட்டிதான் வேண்டும்.

கயிறும் எங்கள் தும்புக் கயிறு போன்றதல்ல. உள்ளே நைலோன் இழைகளும் வெளியே பின்னிய உறையும் கொண்டது; பெரும்பாலும் 11 மில்லிமீற்றர் அளவுத் தடிப்பு. புதிதாக இருக்கும்போது 2,200 கிலோவுக்கு மேல் தாங்கும். ஆனால் பாரத்தோடு ஒரு தகர விளிம்பிலோ சீமெந்து மூலையிலோ உராய்ந்தால் வெகு விரைவில் வெட்டுப்படும். பற்றரி அமிலம் பட்டால் கண்ணுக்குத் தெரியாமலே நைலோன் கெட்டுவிடும். உழவு இயந்திரம் நிற்கும் கொட்டிலில் இப்படியான கயிற்றைப் போட்டு வைக்க வேண்டாம்.

நானும் உடற்பட்டியைக் கட்டி ஆறடி உயரத்தில் தொங்கிப் பார்த்தேன். கால்களை அசைக்காமல் இருக்கச் சொன்னார். ஐந்து நிமிடத்தில் தொடை விறைத்தது. (கீழே நின்ற சிறுவர்களுக்கு நல்ல வேடிக்கை.) மயங்கியவர் இப்படி அசைவின்றித் தொங்கினால் சில நிமிடங்களிலேயே உயிருக்கு ஆபத்து நேரலாம். ஆகவே யார், எந்தக் கயிற்றில், எப்படி இறக்குவது என்பதை ஏறுவதற்கு முன்பே தீர்மானிக்க வேண்டும். பொலிசையோ அம்புலன்சையோ பார்த்துக்கொண்டிருக்க நேரம் போதாது. இறக்கியவரைப் படுக்க வைக்கக் கூடாது என்று முன்பு சிலர் கற்பித்தார்கள். அந்த அறிவுரை இப்போது கைவிடப்பட்டுவிட்டது. மூச்சைப் பார்த்து, வழமையான முதலுதவியைச் செய்து, வைத்தியசாலைக்குக் கொண்டு போக வேண்டும்.

இந்தத் தொழில்முறை குகைகளுக்குள் கயிற்றில் இறங்கி ஆராய்ந்தவர்களிடமிருந்தும் மலையேறிகளிடமிருந்தும் வந்தது. 1980களில் வடகடலின் எண்ணெய் மேடைகளில் அதைப் பயன்படுத்தத் தொடங்கினார்கள். அக்காலத்தில் பிரித்தானியாவில் தோன்றிய ஐராட்டா என்னும் சங்கத்தின் சான்றிதழைத்தான் பல நாடுகளில் கேட்கிறார்கள். அதில் மூன்று படிகள் உண்டு. முதற் படிக்கு 18 வயது நிரம்பியிருக்க வேண்டும். குறைந்தது நான்கு நாள் பயிற்சி. அடுத்த நாள், பயிற்சி கொடுத்த நிறுவனத்தைச் சாராத ஒருவர் வந்து பரீட்சிப்பார். முடிச்சுப் போடுதல், ஏறுதல், இறங்குதல், ஒரு கயிற்றிலிருந்து இன்னொன்றுக்கு மாறுதல் ஆகியவற்றோடு, தொங்கும் தோழனைக் கீழே இறக்கிக் காட்டவும் வேண்டும். சான்றிதழ் மூன்று ஆண்டுகளுக்கே செல்லும். ஓராண்டும் 1,000 மணிநேரக் கயிற்று வேலையும் பதிவுப் புத்தகத்தில் ஏறிய பின்னரே இரண்டாம் படிக்குப் போகலாம். முதற் படிக்காரர் தனித்து வேலை செய்ய முடியாது. மூன்றாம் படி பெற்ற மேற்பார்வையாளர் வேலைத்தளத்தில் நிற்க வேண்டும்.

பிள்ளையை அனுப்ப முதல் முகவரிடம் இவற்றைக் கூச்சப்படாமல் கேளுங்கள். பயிற்சி எத்தனை நாள், பரீட்சித்தவர் யார், சான்றிதழ் இலக்கம் என்ன? அந்த இலக்கத்தை ஐராட்டா சங்கத்திடம் சரிபார்க்கலாம். வேலைத்தளத்தில் மூன்றாம் படிக்காரர் இருக்கிறாரா? காப்புறுதி உண்டா? இலங்கை வெளிநாட்டு வேலைவாய்ப்புப் பணியகத்தில் பதிவு செய்கிறாரா? சினந்து பேசும் முகவரிடம் பணத்தைக் கொடுக்க வேண்டாம் என்பது என் அபிப்பிராயம்.

வீட்டுக் கூரையில் ஏறுவோருக்கும் ஒன்று. வளை, கைமரங்களைச் சுத்தியலால் தட்டிப் பார்த்த பின் ஏறுங்கள். அஸ்பெஸ்ரஸ் சீற்றில் ஒருபோதும் நேரே கால் வைக்க வேண்டாம். கைமரங்களுக்குக் குறுக்கே பலகை போட்டு அதன்மேல் நடவுங்கள். கிணற்றில் சேறெடுக்க ஆளை இறக்கும்போதும் கயிறு இரண்டு வேண்டும். பெற்றோலில் ஓடும் நீரிறைக்கும் இயந்திரத்தைக் கிணற்றுக்குள் இறக்கவே கூடாது. அதன் புகை ஆளைச் சத்தமில்லாமல் கொன்றுவிடும்.

அந்தத் தாயின் கடதாசியில் பயிற்சியைப் பற்றி ஒரு வரியும் இருக்கவில்லை. “ஒரு நாள் பயிற்சி, பின்னேரம் சான்றிதழ் கையில்” என்று முகவர் வாயால் சொல்லியிருந்தார். நகை வீட்டிலேயே இருக்கிறது. மகன் இப்போது ஒரு கட்டட வேலையில் சாரம் கட்டுகிறான். முறையான பயிற்சிக்குக் காசு சேர்க்கிறான். விடுமுறை முடிந்து போன இளைஞர், எட்டு முடிச்சைப் பழகும்படி ஆறடிக் கயிற்றுத் துண்டு ஒன்றை அவனிடம் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்.