நெடுந்தீவுக் குதிரைகளிடம் கற்றது

கடந்த ஓகஸ்ட் விடுமுறையில் வாப்பா, உம்மாவுடன் நெடுந்தீவுக்குச் சென்றேன். எங்கள் கெலிஓயாவில் பச்சை மலைகளும் மகாவலி ஆறும் இருக்கின்றன. குறிகட்டுவானில் படகேறி ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் சென்றிறங்கிய தீவிலோ கல்தரையும் பனைகளும் காய்ந்த புல்லுமே தெரிந்தன.

அங்கே சில நூறு கட்டைக் குதிரைகள் கட்டின்றித் திரிகின்றன. ஐரோப்பியர் ஆட்சிக்காலத்தில் வளர்க்கப்பட்ட குதிரைகளின் வழித்தோன்றல்கள் அவை. ஒல்லாந்தர் காலக் குதிரை லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

ஒரு தண்ணீர்த் தொட்டியருகே நின்றோம். ஓர் ஆண் குதிரை காதுகளைப் பின்னால் மடித்து, நெருங்கி வந்த இன்னொன்றைக் கடிக்கப் பாய்ந்தது.

"பொல்லாத குதிரை!" என்றேன்.

"தண்ணி நிறைய இருந்தா அது சண்டைக்குப் போகுமா, மகள்?" என்று கேட்டார் வாப்பா.

அந்தக் கேள்வியை எங்கள் விஞ்ஞான ஆசிரியையிடம் கொண்டு போனேன். அவர் விளக்கியது இதுதான்: கட்டின்றி வாழும் குதிரைகள் பெரும்பாலும் ஓர் ஆண், சில பெண்கள், குட்டிகள் கொண்ட சிறு கூட்டங்களாக வாழும். துணை கிடைக்காத இளம் ஆண்கள் தனிக் கூட்டமாகத் திரியும். புல்லும் நீரும் பரவலாக இருந்தால் கூட்டங்கள் விலகி மேயும். வறட்சியில் எல்லாம் ஒரே நீர்நிலைக்கு வரும்போது மோதல் கூடும்.

கூட்டம் குலைவதும் குணத்தை மாற்றும். பழைய ஆணை விரட்டிப் புதியது வந்தால், கூட்டத்தில் சில காலம் அமைதி இராது. நியூசிலாந்தின் கைமனாவா மலைக் குதிரைகள் பற்றிய ஆய்வொன்று 2009இல் வெளியானது. மற்றப் பெண் குதிரைகளோடு நெருங்கிப் பழகிய பெண் குதிரைகளுக்கு ஆண்களின் தொல்லை குறைந்தது. அவற்றின் குட்டிகளும் கூடுதலாகப் பிழைத்தன. அவை இரத்த உறவாக இருக்க வேண்டும் என்பதில்லை; பழக்கமே போதுமாக இருந்தது.

இதைக் கேட்டபோது என் கதை நினைவுக்கு வந்தது. வாப்பாவின் தொழில் காரணமாக நான்கு வருடங்களில் மூன்று பாடசாலைகள் மாறினேன். ஒரு பாடசாலையில் எனக்குச் "சண்டைக்காரி" என்று பெயர். ஏன் சண்டை பிடிக்கிறாய் என்று ஒருவரும் கேட்கவில்லை. இங்கே வந்த முதல் நாள், பக்கத்து மேசை மாணவி தன் இடியப்பப் பார்சலை என் பக்கம் நகர்த்தினாள். அதன் பிறகு நான் யாரோடும் சண்டை பிடித்ததாக நினைவில்லை.

பெற்றோரே, தோழியரே, ஒரு பிள்ளையைப் பொல்லாதவள் என்று சொல்லுமுன், அவளது தொட்டியில் தண்ணீர் இருக்கிறதா, பக்கத்தில் யாரும் இருக்கிறார்களா என்று ஒருமுறை பாருங்கள்.