நாக்கில் ஒரு மஞ்சள் கட்டி

அன்புள்ள தம்பிக்கு,

வாயில் கட்டி என்று யாராவது சொன்னால், "வலிக்குதா?" என்றுதான் முதலில் கேட்போம். இல்லை என்றால் பேச்சு அத்தோடு முடியும். பழவேற்காட்டு மீனவக் குப்பங்களிலும் அப்படித்தான், பட்டணத்திலும் அப்படித்தான்.

வலிக்காத கட்டிகளில் ஒன்று கொழுப்புக் கட்டி. லைப்போமா என்பார்கள். முதுகிலும் தோளிலும் கழுத்திலும் பலருக்கு இருக்கும். வாய்க்குள் வருவதுதான் அபூர்வம். வாயில் தோன்றும் தீங்கற்ற கட்டிகளில் நூற்றுக்கு ஐந்துகூட இராது. 1848இல் ரூ என்ற மருத்துவர் இதை முதன்முதலில் விவரித்தபோதே மஞ்சள் நிறத்தை வைத்துத்தான் பெயரிட்டார். கன்னத்தின் உட்புறம் இதற்குப் பிடித்த இடம். நாக்கு பெரும்பாலும் தசை என்பதால் அங்கே குறைவு.

நாற்பது வயதைத் தாண்டியவர்களிடம்தான் அதிகம். மெதுவாக, ஆண்டுக்கணக்கில் வளரும். தொட்டால் மெத்தென்றிருக்கும்; மெல்லிய தோலுக்கடியில் மஞ்சள் தெரியும், மேலே நூல்போல ரத்தக்குழாய்கள் ஓடும். பெரிதானால் மெல்லவும் பேசவும் இடைஞ்சல். கொழுப்பு என்றதும் எண்ணெய்ப் பலகாரத்தின் மேல் பழி போட வேண்டாம்; பட்டினி கிடந்தாலும் இது கரையாது.

அறுத்தெடுப்பதே வைத்தியம். பெரும்பாலும் மெல்லிய உறைக்குள் இருப்பதால் முழுசாகக் கழன்று வரும், திரும்ப வருவது அரிது. நாக்கின் தசைக்குள் ஊடுருவிய வகை மட்டும் சற்றுத் தொல்லை. எடுத்த சதையை ஃபார்மலின் பாட்டிலில் போட்டால் மற்றக் கட்டிகள் பெரும்பாலும் மூழ்கும். இது வலையின் மிதவை மாதிரி மேலே நிற்கும். பாட்டிலைப் பார்த்ததுமே மருத்துவருக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

மீதிப் பாதிக்கு நுண்ணோக்கி வேண்டும். அரிதாக, இதே வேடத்தில் கொழுப்புத் திசுப் புற்றுநோயும் வரும். அதனால் "கொழுப்புதானே" என்று பயாப்சியை, அதாவது திசுப் பரிசோதனையை, தவிர்ப்பது தப்பு.

வலியை அளவுகோலாக வைப்பது அதைவிடப் பெரிய தப்பு. வாய்ப்புற்றும் தொடக்கத்தில் பெரும்பாலும் வலிக்காது. புகையிலையைக் கன்னத்தில் அடக்குகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். புகையிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இலேயே சொல்லிவிட்டது. கெட்டியான தடிப்பு, வெள்ளை அல்லது சிவப்புத் திட்டு, இரண்டு மூன்று வாரமாகியும் ஆறாத புண், இவற்றில் எது இருந்தாலும் காத்திருக்கக் கூடாது.

முதலில் பொன்னேரி அரசு மருத்துவமனையில் காட்டலாம். மேல்சிகிச்சைக்குப் புறநகர் ரயிலில் சென்னை போனால், கோட்டை ரயில் நிலையத்துக்கு அருகிலேயே அரசு பல் மருத்துவக் கல்லூரி இருக்கிறது. கட்டியை எடுத்தபின் பயாப்சி ரிப்போர்ட் எப்போது வரும் என்று கேட்டு, அதைக் கையில் வாங்கும்வரை விடாதே.

அன்புடன்,
அண்ணன்