பேசும் பொறியைப் பேச வைத்தல்

காதிலே ஒரு சிறு கருவியைச் செருகிக்கொண்டு வேண்டிய பாட்டை வேண்டிய நேரத்தில் கேட்கும் நம்மிடையே, சாவி கொடுத்தால்தான் பாடும் ஒரு பெட்டியைப் பற்றிப் பேசப் புகுவது சிலருக்கு வேடிக்கையாகத் தோன்றலாம். ஆயினும், மின்சாரம் சிறிதும் இன்றி மனிதக் குரலைப் பிடித்து வைத்துத் திருப்பிச் சொல்லிய பொறி அது. அதன் உள்ளே மறைவென்று ஒன்றும் இல்லை. கண்ணாற் பார்த்தே முழுவதையும் புரிந்துகொள்ளலாம். விஞ்ஞானம் பயிலும் மாணவருக்கு அதைவிட நல்ல ஆசிரியர் கிடைப்பது அரிது.

கொல்கத்தாவின் வடபகுதியில் நான் அறை எடுத்துத் தங்கியிருக்கும் வீட்டின் உரிமையாளர் எண்பதை எட்டும் பெரியவர். சென்ற குளிர்காலத்தில் ஒருநாள் என்னை அழைத்து, மாடிப்படியின் கீழ் இருந்த மரப்பெட்டி ஒன்றை வெளியே எடுக்கச் சொன்னார். தூசியைத் துடைத்துப் பார்த்தால், எடிசன் ஸ்டாண்டர்டு போனோகிராப்! உடன் ஒரு தகரப் பெட்டியில் ஒன்பது உருளைகள் இருந்தன. ஏழு கருப்பு, ஒன்று நீலம், ஒன்று பழுப்பு. பழுப்பு உருளையின் அட்டைக் கூட்டுக்குள் வங்க எழுத்தில் ஒரு துண்டுச் சீட்டு. அவருடைய பாட்டனார் தம் குரலைத் தாமே பதிவு செய்த உருளை அது என்று அந்தச் சீட்டு கூறிற்று.

“அவர் முகத்தைப் படத்திலே பார்த்திருக்கிறேன். குரலைக் கேட்டதில்லை. நீ பொறியியல் படிக்கிறவன்தானே அப்பா, இதை ஓட வைத்துத் தருவாயா?” என்றார் பெரியவர். ‘முடியும்’ என்று உடனே சொல்லிவிட்டேன். அப்படி உடனே சொல்லியிருக்கக் கூடாது என்பது பின்னர்த்தான் விளங்கிற்று.

பொறியின் வரலாறு

1877-ஆம் ஆண்டில் அமெரிக்க நாட்டு மென்லோ பார்க் என்னும் ஊரில் தாமஸ் ஆல்வா எடிசன் இப்பொறியைக் கண்டார். அவர் வரைந்து கொடுத்த படத்தைக் கொண்டு ஜான் குரூசி என்ற தொழில் வல்லுநர் அதைச் செய்து முடித்தார். முதற் பொறியில் ஒலியைத் தாங்கியது மெழுகன்று. உருளையின் மேற் சுற்றிய வெள்ளீயத் தகடு. சில முறை ஓட்டினாலே அது தேய்ந்து போயிற்று. 1880-களில் கிரகாம் பெல்லின் வோல்ட்டா ஆய்வுக்கூடத்தைச் சேர்ந்த சிசெஸ்டர் பெல்லும் சார்லஸ் டெயின்டரும் தகட்டை விடுத்து மெழுகில் வெட்டும் முறையைக் கொணர்ந்தனர். எடிசனும் மீண்டும் முனைந்து 1888-இல் முழு மெழுகு உருளையைக் கைக்கொண்டார். 1898-இல் நடுத்தரக் குடும்பத்தார் வாங்கக்கூடிய ‘ஸ்டாண்டர்டு’ வகை விற்பனைக்கு வந்தது.

இதற்கிடையே, 1887-இல் எமில் பெர்லினர் தட்டையான தட்டில் ஒலியைப் பதியும் கிராமபோனைக் கண்டார். தட்டை அச்சடிப்பது எளிது. அடுக்கி வைப்பதும் எளிது. நாளடைவில் தட்டே வென்றது. 1929-இல் எடிசன் நிறுவனம் உருளைகள் செய்வதை நிறுத்திற்று. ஆனால் ஒரு சிறப்பு உருளைக்கே உரியது. கிராமபோன் கேட்க மட்டுமே உதவும்; போனோகிராப்பிலோ வீட்டில் இருந்தபடியே பதிவும் செய்யலாம். பதிந்ததைச் சீவி எடுத்துவிட்டு அதே மெழுகில் மறுபடியும் பதியலாம். பெரியவரின் பாட்டனார் செய்ததும் இதுவே.

கொல்கத்தாவுக்கும் உருளைக்கும் உள்ள தொடர்பு பெரிது. குந்தலீன் தலைத்தைலத்தால் பெயர்பெற்ற ஹேமேந்திர மோகன் போஸ், வங்கப் பிரிவினைக்குப் பின் எழுந்த சுதேசி இயக்க நாட்களில் இந்நகரிலேயே உருளைப் பதிவுகளை வெளியிட்டார். இரவீந்திரநாத் தாகூரின் குரலையும் அவர் மெழுகிலே பிடித்தார். அந்த உருளைகளிற் பெரும்பாலானவை இன்று இல்லை. நம் பக்கத்திலும் இக்கருவி நடமாடியதுண்டு. சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன், தென்னாட்டுக் குலங்களைப் பற்றிய ஆராய்ச்சியின்போது மக்களின் பாடல்களைப் போனோகிராப்பிற் பதிவு செய்தார். எனவே, மெழுகு உருளை என்பது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. வேறெங்கும் படி இல்லாத ஏடு போன்றது.

பொறி இயங்கும் முறை

சாவி கொடுத்தால் வில்சுருள் இறுகுகிறது. அது விரியும் விசை பற்சக்கரங்களின் வழியே சென்று, தோல்வார் ஒன்றினால் உருளை மாட்டும் தண்டைச் சுழற்றுகிறது. தண்டோடு சேர்ந்து, அங்குலத்திற்கு 100 புரிகள் கொண்ட நீண்ட திருகாணியும் சுழல்கிறது. ஒலிப்பெட்டியைத் தாங்கும் கையின் நுனியில் உள்ள அரை நட்டு இப்புரிகளைக் கவ்விக்கொண்டு, ஒலிப்பெட்டியை இடமிருந்து வலமாக நகர்த்துகிறது.

ஒலிப்பெட்டியில் நீலக்கல்லால் ஆன முனை ஒன்று உண்டு. கிராமபோன் தட்டில் முள் பக்கவாட்டில் அசையும். உருளையிலோ பள்ளத்தின் அடித்தளமே மேடும் பள்ளமுமாக அமைந்திருக்கும். முனை மேலுங் கீழுமாக ஏறி இறங்கும். அந்த அசைவு ஒரு மெல்லிய தகட்டை அதிர்விக்கிறது. தகட்டின் முன்னுள்ள காற்று அதிர்கிறது. ஊதுகுழல் அவ்வதிர்வை அறைக்குள் பரப்புகிறது. இவ்வளவுதான்.

இங்கே சிறிது கணக்குப் பார்ப்போம். உருளை நிமிடத்திற்கு 160 முறை சுழல வேண்டும். பழைய உருளையில் அங்குலத்திற்கு 100 பள்ளங்கள். எனவே 2 நிமிடப் பாட்டுக்கு 320 சுற்றுகள், இடம் 3.2 அங்குலம். 1908-இல் வந்த ‘ஆம்பரால்’ உருளையில் அங்குலத்திற்கு 200 பள்ளங்கள். 4 நிமிடத்திற்கு 640 சுற்றுகள். இடம் அதே 3.2 அங்குலம். உருளையின் நீளம் மாறாமல் பாட்டின் நீளம் இரட்டித்தது இவ்வாறுதான். ஆனால், நான்கு நிமிட உருளையை இரண்டு நிமிடப் பொறியில் இட்டால் ஒலிப்பெட்டி இருமடங்கு விரைவில் நகர்ந்து பள்ளங்களைக் குறுக்கே கீறிவிடும். அதன் முனையும் நுண்ணிய பள்ளத்திற்குப் பெரிதாகும். எனவே பெரியவரின் நீல உருளையை நான் அப்பொழுதே ஒதுக்கி வைத்தேன். அது 1912-இல் தொடங்கிய செல்லுலாய்டு வகை, நான்கு நிமிடத்தது.

பழுது பார்க்கும் முறை

முதலாவது விதி: எதையும் கழற்றுமுன் நாற்புறமும் படம் எடுத்துக்கொள்க. கழற்றிய திருகாணிகளைத் தனித்தனிக் கிண்ணங்களில் இடுக. மரப்பெட்டியைப் பளபளப்பாக்க முற்பட்டு உப்புத்தாள் கொண்டு தேய்ப்பவர், நூறாண்டுக்கு மேற்பட்ட மெருகையும் மூடியின் மேலுள்ள பெயர் எழுத்தையும் ஒருங்கே இழப்பர். ஈரத்தைப் பிழிந்த மெல்லிய துணியே போதும்.

இரண்டாவது, வில்சுருள். இதிலே விளையாட்டு வேண்டா. முறுக்கேறிய சுருள் திடீரென அவிழ்ந்தால் விரலைத் துண்டிக்கும் வலிமை உடையது. முறுக்கு முழுவதும் இறங்கிய பிறகே மற்ற உறுப்புகளில் கை வைக்க வேண்டும். சுருள் அடங்கிய உருண்டைக் கூட்டை நான் திறக்கவில்லை. சுவர்க்கடிகாரம் பழுதுபார்க்கும் முதியவர் ஒருவரிடம் கொண்டு சென்றேன். அவர் தடித்த கையுறை அணிந்து, சுருளைச் சிறிது சிறிதாக வெளியே விட்டார். உள்ளே பழைய மசகு தார்போல் இறுகியிருந்தது. பொறி ஓடும்போது ‘தொம் தொம்’ என்று குதிக்கும் ஓசைக்கு அதுவே காரணம். மண்ணெண்ணெயிற் கழுவி, ஈரம் போகத் துடைத்து, புதிய மசகு இட்டு மூடினார். தமக்குத் தெரியாததைத் தெரிந்தவரிடம் ஒப்படைப்பதும் தொழில் அறிவின் ஒரு பகுதியே.

மூன்றாவது, வேகத்தை அடக்கும் கவர்னர். ஓர் அச்சைச் சுற்றி மூன்று மெல்லிய வில்கள். ஒவ்வொன்றின் நடுவிலும் ஓர் எடை. வேகம் மிகுந்தால் எடைகள் வெளிப்புறம் விரிகின்றன, அதனால் அச்சிலுள்ள வட்டத்தகடு இழுபட்டுச் சென்று ஒரு தோல்துண்டின் மேல் உராய்கிறது, வேகம் குறைகிறது. மைய விலக்கு விசையைப் பாடப் புத்தகத்தில் மூன்றாண்டு படித்தேன். அன்றுதான் அதைக் கண்ணாற் கண்டேன். தோல்துண்டு கல்போல் காய்ந்திருந்தது. புதுத் தோல் வைத்து ஒரு சொட்டு எண்ணெய் இட்டேன். அச்சின் இருமுனைக்கும் கடிகார எண்ணெய் ஒவ்வொரு சொட்டு.

நான்காவது, நகர்த்தும் திருகாணி. பழைய பல்துலக்கும் தூரிகையை மண்ணெண்ணெயில் தோய்த்துப் புரி புரியாகச் சுத்தம் செய்தேன். அரை நட்டின் பற்கள் தேய்ந்திருந்தால் ஒலிப்பெட்டி ஓரிடத்திலேயே நின்று பள்ளத்தை அரைத்துவிடும். நற்பேறாக அவை கூர்மையாகவே இருந்தன. தோல்வாரை மாற்றினேன். அதன் இணைப்பு தடிப்பாக இருந்தால் ஒவ்வொரு சுற்றிலும் குரல் தடுமாறும். ஆகவே இணைப்பைச் சாய்வாகச் சீவி ஒட்டுதல் வேண்டும்.

ஐந்தாவது, ஒலிப்பெட்டி. தகட்டை இருபுறமும் பிடித்திருக்கும் ரப்பர் வளையங்கள் இறுகிப் போயிருந்தன. இறுகிய வளையம் தகட்டை அதிர விடாது. பாட்டுக்குப் பதில் கரகரப்பே கேட்கும். புதிய வளையங்கள் பொருத்தினேன். நீலக்கல் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியால் பார்த்தேன். முனை உடைந்திருந்தால் அது உளியாகிவிடும் என்பதை மறக்கலாகாது.

இறுதியாக வேகச் சோதனை. தண்டின் ஓரத்தில் ஒரு சிறு காகிதத்தை ஒட்டி, ஒரு நிமிடத்தில் அது எத்தனை முறை வருகிறது என்று எண்ணினேன். முதலில் 148. வேகத் திருகாணியைச் சிறிது சிறிதாகத் திருகி 160-க்குக் கொண்டு வந்தேன்.

நான் செய்த பிழை

எல்லாம் முடிந்த மகிழ்ச்சியில் முதற் கருப்பு உருளையை எடுத்தேன். தண்டு ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குச் சிறிது பருத்துச் செல்வது. உருளையின் உட்புறமும் அவ்வாறே. தலைப்பு எழுதிய விளிம்பு வலப்புறம் இருக்கும்படி மெதுவாக மாட்ட வேண்டும். நானோ அது நழுவிவிடுமோ என்றஞ்சி அழுத்தினேன். ‘டிக்’ என்று ஒரு சிறு ஓசை. உருளை நீளவாக்கில் பிளந்தது.

மெழுகு என்கிறோமே, அது நாம் அறிந்த மெழுகுவத்தி மெழுகு அன்று. உலோகச் சோப்பு வகையைச் சேர்ந்தது, கண்ணாடிபோல் நொறுங்கும். குளிர்ந்த உருளையைச் சூடான கையாற் பற்றினாலே சில வேளை விரிசல் காணும். பள்ளங்களின் மேல் விரல் படவே கூடாது. இரு விரல்களை உள்ளே விட்டு, சற்றே அகட்டித் தாங்குவதே சரியான முறை. இவற்றையெல்லாம் நான் படித்துத்தான் இருந்தேன். படித்தது கைக்கு வருவதற்கு ஓர் உருளை விலையாயிற்று.

பெரியவர் கோபிக்கவில்லை. உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு, “அந்தப் பழுப்பு உருளை எங்கே?” என்று மட்டும் கேட்டார்.

இரண்டாவது உருளை நன்றாகப் பாடிற்று. கொட்டும் மழைக்கு அப்பாலிருந்து யாரோ பாடுவதுபோன்ற ஓசை. ஆயினும் சொல் தெளிவு. பெரியவர் கண்களை மூடிக்கொண்டு கேட்டார். முடிந்ததும், “இனி அவருடையதைப் போடு” என்றார்.

நான் பழுப்பு உருளையை வெளிச்சத்தில் திருப்பிக் காட்டினேன். மேலே வெண்பூசணம் படர்ந்திருந்தது. பூசணம் மெழுகையே தின்று வளர்வது. அது தின்ற இடத்தில் குரல் இல்லை. எஞ்சியதோ மென்மையான மெழுகு. எங்கள் பொறியில் உள்ள ‘சி’ வகை ஒலிப்பெட்டி, 1902-இல் வந்த கடினக் கருப்பு உருளைகளுக்காகக் கனமாகச் செய்யப்பட்டது. அதைப் பழுப்பு மெழுகின் மேல் ஓட்டினால், குரலைக் கேட்கிற அதே நேரத்தில் குரலைச் சீவிக்கொண்டும் இருப்போம்.

“ஒரே ஒரு முறை கேட்டால் என்ன? எனக்கு வயது என்ன என்று உனக்குத் தெரியுமா?” என்றார் அவர். அதற்கு என்னிடம் உடனே விடை இல்லை. சிறிது பொறுத்து, “முதல் முறையே கடைசி முறையாகிவிடலாம் ஐயா” என்றேன்.

இன்று வேறு வழிகள் உள்ளன. எடை மிகக் குறைந்த முனையால் மின்முறையில் படியெடுக்கலாம். அமெரிக்காவின் லாரன்ஸ் பெர்க்லி ஆய்வுக்கூடத்தில், உருளையைத் தொடாமலே ஒளியால் பள்ளங்களை அளந்து கணிப்பொறியால் ஒலியாக்கும் முறையைக் கண்டிருக்கின்றனர். சாந்தா பார்பராவிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகம் பல்லாயிரம் உருளைகளைப் படியெடுத்து எவரும் கேட்கும்படி வைத்திருக்கிறது. இவற்றையெல்லாம் பெரியவரிடம் எடுத்துச் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பின்பு உருளையைத் தாமே அட்டைக் கூட்டில் வைத்து மூடினார். “காத்திருக்கிறேன். கடிதம் எழுத வேண்டிய இடங்களுக்கு நாளைக்கே எழுது” என்றார்.

எழுதிக்கொண்டிருக்கிறேன். நண்பர்களே, உங்கள் ஊர் வீட்டுப் பரணிலும் இத்தகைய உருளையோ, பழைய தட்டோ, நாடாவோ கிடக்கலாம். விடுமுறைக்குச் செல்லும்போது தேடிப் பாருங்கள். கிடைத்தால் துடைக்காதீர்கள், உடனே ஓட்டாதீர்கள். ஈரமும் வெயிலும் படாத இடத்தில் நிமிர்த்தி வைத்து, அதில் யாருடைய குரல் என்று வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு எழுதி வையுங்கள். பொறி பழுதானால் மற்றொரு பொறி கிடைக்கும். அந்தச் சீட்டை எழுதக் கூடியவர்கள் நெடுங்காலம் இருக்கமாட்டார்கள்.