குதிரைக்குட்டியின் பின்னங்கால் கோளாறு: காரணம் அறியும் முறை

குதிரைக்குக் கால் பழுதானால் மற்ற உறுப்புக்கள் எத்துணை நலமாயிருந்தும் பயனில்லை. மங்களூர், திட்டக்குடி, விருத்தாசலம் பக்கங்களில் மாடே குடியானவரின் பெருஞ்செல்வம். குதிரை வளர்ப்போர் சிலரே. ஆதலின் ஒரு குட்டி தன் பின்னங்காலை வழக்கத்திற்கு மாறாக எடுத்து வைக்குங்கால், அதனை உற்றறிந்து சொல்லுவோர் அருகில் இருப்பதில்லை. உடனே சூட்டுக்கோலைத் தேடுகின்றனர். இக்குறையோ பல காரணங்களால் உண்டாவது. ஒன்றற்கு நடையே மருந்து. மற்றொன்றற்கு நடையே கேடு. ஆகையால் சிகிச்சைக்கு முன் விசாரணை வேண்டும்.

அந்தியூரில் ஆடி மாதத்தில் குருநாதசுவாமி கோயில் திருவிழாவை ஒட்டிக் கூடும் சந்தையில், ஒருவர் 2 வயதுக் குட்டி ஒன்றை வாங்கி வந்தார் எனக் கொள்வோம். சில நாள் சென்றபின், காலையில் லாயத்தினின்றும் வெளிவருங்கால் அது ஒரு பின்னங்காலைப் பின்னே நீட்டி, குளம்பின் நுனி தரையில் உராய இழுத்து, திடீரென வெட்டி எடுத்து நடக்கின்றது. அவர் செய்ய வேண்டுவது யாது?

பரீட்சை செய்யும் முறை

1. முதலில் குளம்பைக் கழுவிப் பார்க்க. முள், ஆணி, சீழ், சூடு, லாடத்தின் பிசகு ஆகியவை உளவோ என்று அறிக. நொண்டிக் குதிரையில் முதலில் ஆராயத் தக்கது குளம்பே.

2. சமனான கெட்டித் தரையில் ஒருவர் குட்டியைப் பிடித்து நடத்த, மற்றொருவர் பின்னும் பக்கமும் நின்று பார்க்க வேண்டும். பின்பு சிறு வட்டமாய்த் திருப்புக. நேரே பின்வாங்கச் செய்க.

3. நடக்கும்பொழுதே, உதைக்கு எட்டாதபடி ஒதுங்கி நின்று, வாலைப் பக்கமாய் மெல்ல இழுக்க. நலமுள்ள குதிரை எதிர்த்து நிற்கும். இடுப்பு வலிமை குன்றியது இழுத்த பக்கம் சாய்ந்து தள்ளாடும்.

4. கோளாறு தொடங்கிய நாள், கொடுத்த தீனி, பட்ட காயம், நாய்க்கடி ஆகியவற்றை எழுதி வைக்க.

லக்ஷணங்களும் காரணங்களும்

சில்லுப் பூட்டு: பின்தொடையின் கீழே, வயிற்றோரத்தை ஒட்டியுள்ள மூட்டில் ஒரு சில்லு உண்டு. அதன் உட்புறத்துத் தசைநார் தொடையெலும்பின் முகட்டில் மாட்டிக்கொண்டால், கால் மடங்காமல் பின்னே நீண்டு பூட்டிக்கொள்ளும். உழவெருதிலும் இதனைக் குடியானவர் கண்டிருப்பர். இளமையும், மெலிவும், நேரான பின்னங்கால் அமைப்பும் உள்ள குதிரைகளில் இது மிகுதி. ஓய்வுக்குப் பின் முதல் சில அடிகளில் அதிகப்படும்.

சேவல் நடை: இதில் கால் பூட்டுவதில்லை, அடிதோறும் வெடுக்கென்று மேலே தூக்கி, சிலவேளை வயிற்றில் படும்படி மடக்கும். திருப்பும்போதும் பின்வாங்கும்போதும் அதிகமாகும். ஆஸ்திரேலியாவில் ஒருவகைக் களைச்செடி மிகுந்த புல்வெளிகளில் மேயும் குதிரைகளுக்குக் கூட்டமாய் வருவதுண்டு. கணுக்கால் மூட்டுப் பகுதியில் பட்ட காயத்தாலும் ஒரு காலில் மட்டும் வரும்.

குமரி நோய்: இடுப்பைக் குறிக்கும் வடநாட்டுச் சொல்லினின்று பிறந்த பெயர் இது. திடீரெனப் பின்பாகம் தள்ளாடும், குளம்பு இழுபடும், முற்றினால் குதிரை எழமாட்டாது விழும். இதன் காரணம் நெடுநாள் விளங்காதிருந்தது. 1955-இல் இன்னஸ், பிள்ளை என்னும் இருவர் இலங்கைக் குதிரைகளின் நோயை ஆராய்ந்து வெளியிட்ட கட்டுரை, முதுகுத்தண்டில் திரியும் நூற்புழுவோடு இதனை இணைத்துக் காட்டியது. அப்புழு மாட்டின் வயிற்றறையில் பெரும்பாலும் தீங்கின்றி வாழ்வது. அதன் குஞ்சுகளைக் கொசு மாட்டினின்று குதிரைக்குக் கொண்டு செல்லும்; அங்கே அவை வழிதப்பி நரம்பை அரிக்கும். வெள்ளாடும் செம்மறியும் இவ்வாறே வருந்தும்.

ஏனையவை: கேசரிப் பருப்பைத் தொடர்ந்து தின்ற குதிரைக்குப் பின்னங்கால் வலி குன்றும். உடல் விறைத்து, கண்ணின் மூன்றாம் இமை வெளிப்படுமாயின் இசிவு நோய் என ஐயுறுக. நாய்க்கடிக்குப் பின் தள்ளாட்டமும் எச்சில் வடிதலும் காணின், வாயில் கையிடாதீர். அது வெறிநோயாயின் மனிதருக்கு உயிராபத்து.

செய்யத் தக்கவை

நம் குட்டியின் குளம்பு குற்றமற்றது. வாலை இழுத்தபோது உறுதியாய் நின்றது. பின்வாங்கச் செய்ததும் கால் விடுபட்டது. ஆகவே சில்லுப் பூட்டென்றே கருதலாம். இதற்குச் சூடு வேண்டா. கொள்ளும், பசும்புல்லும், தாது உப்பும் அளித்து உடலைத் தேற்றுக. பல்லும் வயிற்றுப் புழுவும் பரிசோதிக்கப்படட்டும். நாள்தோறும் நேர்வழியில் நடத்திச் சிறிது சிறிதாக வேலையை ஏற்றுக. நெடுநேரம் கட்டி வைத்தல் ஆகாது. தொடைத் தசை வலுத்தால் இளங்குட்டிகள் பலவற்றில் இக்கோளாறு தானே நீங்கும். நீங்காவிடின், மிருக வைத்தியர் அத்தசைநாரை அறுத்து விடுவிக்கும் முறை உண்டு. ஆயினும் பின்னர்ச் சில்லு சிதையக் கூடுமாதலின் அதனை இறுதியிலேயே நாடவேண்டும். அறுத்தபின் பல வாரம் ஓய்வும் வேண்டும்.

வால் இழுப்பில் சாய்ந்திருந்தால் கதை வேறு. தள்ளாடும் குதிரையில் ஏறுவதும், அதனை வண்டியில் பூட்டுவதும் ஏறினவனுக்கும் ஆபத்து. அன்றே வைத்தியரை அழைக்க. புழுவைக் கொல்லும் மருந்து உண்டேனும் அழிந்த நரம்பு மீளாது. எனவே வருமுன் காத்தலே நன்று: லாயத்தை மாட்டுக் கொட்டிலுக்கு எட்ட அமைக்க, தேங்கிய நீரை வடிக்க, அந்தியில் வேப்பிலையும் நொச்சியும் இட்டுப் புகை மூட்டுக.

கிராம அதிகாரிகளுக்கு ஒரு சொல்: ஒரே காலத்தில் பல ஆடுகளோ குதிரைகளோ பின்பாகம் தள்ளாடக் கண்டால், அருகிலுள்ள கால்நடை மருந்தகத்திற்கு உடனே அறிவித்தல் கடமை. குட்டி வாங்குவோரும், தரகர் ஓட்டிக் காட்டுவதை மட்டும் நம்பாது, ஓய்வுக்குப் பின் முதல் அடி வைப்பதையும், திருப்புவதையும், பின்வாங்குவதையும் கண்ட பின்னரே பணத்தை எண்ணிக் கொடுப்பாராக.