சேவலைப் பிரித்து வை

அன்புள்ள பாப்பா,

நாலு பெட்டையும் ஒரே நேரத்தில் முட்டையிட்டு, கூடை நிறைந்து வழிகிறது என்று எழுதியிருந்தாய். நாட்டுக்கோழி அப்படித்தான். பத்துப் பன்னிரண்டு இட்டதும் அடைக்கு உட்கார்ந்துவிடும். அப்புறம் நீ கடைக்குத்தான் போகவேண்டும்.

முட்டை கெடாமல் இருக்க முதல் வேலை, சேவலைத் தனியே பஞ்சாரத்தில் கவிழ்ப்பது. சேவல் சேர்ந்த முட்டையில் கரு இருக்கும். சித்திரை மாதத்தில் அதற்குக் கோழியே வேண்டாம், நம் தஞ்சாவூர்ப் புழுக்கமே அரை அடை! கரு கொஞ்சம் வளர்ந்து, செத்து, முட்டை கூமுட்டையாகிவிடும். சேவலைப் பிரித்தாலும் ரெண்டு மூன்று வாரத்துக்குக் கருமுட்டைதான் வரும். அவற்றை முதலில் தீர்த்துவிடு.

முட்டையைக் கழுவாதே. ஓட்டில் ஆயிரக்கணக்கான நுண்துளைகள். அவற்றை மூடியிருக்கும் மெல்லிய பூச்சு கழுவினால் போய்விடும். எச்சம் ஒட்டியது, கீறல் விட்டது எல்லாம் அன்றைக்கே பொடிமாஸ்.

மிச்சத்துக்குச் சுண்ணாம்புத் தண்ணீர். நீற்றிய கிளிஞ்சல் சுண்ணாம்பு ரெண்டு கைப்பிடி, தண்ணீர் 5 லிட்டர், உப்பு 250 கிராம். கூடுதலாகப் போட்டாலும் பயனில்லை. லிட்டருக்கு ரெண்டு கிராம் சுண்ணாம்புகூடக் கரையாது. கண்ணில் தெறிக்காமல் பார்த்துக்கொள். தெளிந்த நீரை மட்டும் இறுத்து, அன்றிட்ட முட்டைகளை ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் நிழலில் ஆற வை. முட்டை வெளிவிடும் கரியமிலவாயுவோடு சுண்ணாம்பு சேர்ந்து துளைகளை அடைத்துவிடும். பிறகு கூர்முனை கீழே இருக்கும்படி தவிட்டில் அடுக்கினால் மூன்று நாலு வாரம் வெளியிலேயே தாங்கும்.

ஃப்ரிட்ஜ் இருக்கிறதே என்பாய். இருக்கட்டும். 2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் அடித்ததே, எங்கள் பட்டுக்கோட்டைப் பக்கம் நாள்கணக்கில் கரண்ட் இல்லை. ஃப்ரிட்ஜைத் திறந்தால் நாற்றம். கொல்லையில் சாய்ந்த தென்னையை அறுக்க வந்தவர்களுக்கு இந்தத் தவிட்டுப் பானையிலிருந்து எடுத்துத்தான் குழம்பு வைத்தேன். ஒவ்வொன்றையும் தனிக் கிண்ணத்தில் உடைத்து, மோந்து பார்த்துத்தான் ஊற்றினேன். நீயும் அப்படியே செய். ஒரு கூமுட்டை போதும், சட்டிக் குழம்பும் சாக்கடைக்கு.

அவித்துக் குழம்பில் போட அன்றிட்ட முட்டை உதவாது. தோலோடு வெள்ளையும் பிய்ந்து வரும். ஒரு வாரம் பழசானது வழுக்கிக்கொண்டு உரியும். சுண்ணாம்பு பூசியதை மட்டும் அப்படியே வெந்நீரில் போடாதே. துளை அடைந்திருப்பதால் உள்காற்று போக வழியில்லாமல் வெடிக்கும். அகன்ற முனையில் ஊசியால் ஒரு குத்து குத்திவிட்டுப் போடு.

உன் அத்தை